பீடோர்: மண்ணைப் படித்தால் ஊரைப் படிக்கலாம்

மாணவர்களே, பேராக் மாநில வரைபடம் ஒன்றை மேசையில் விரித்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் விரலை வைத்துப் பழைய நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே நகர்த்துங்கள். கோப்பேங், கம்பார், தாப்பா, பீடோர், சுங்காய், சிலிம் ரிவர் என்று ஊர்கள் வரிசையாக வரும். இவற்றுள் கம்பார், பீடோர், சுங்காய், சிலிம் ஆகிய நான்கும் ஆறுகளின் பெயர்களாகவும் உள்ளன. தாப்பாவில் ஓடுவது பாத்தாங் பாடாங் ஆறு. சாலை ஓர் ஆற்றைக் கடக்கும் இடத்திலெல்லாம் ஓர் ஊர் இருக்கிறது. இது தற்செயலா?

இந்த வாரப் பாடம் பீடோரைப் பற்றியது. பேருந்தில் போகும்போது கொய்யாவும் பெத்தாயும் வாங்க நிறுத்தும் ஊராகத்தான் பலருக்கு அதைத் தெரியும். அந்தச் சிறு பட்டணம் ஏன் அங்கே அமைந்தது, நம் பாட்டன் பாட்டிமார் ஏன் அங்கே வந்தார்கள், இன்று அந்த மண்ணில் ஏன் கொய்யா விளைகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம். விடையின் ஒரு பாதி நிலவியலில் இருக்கிறது. மறுபாதி வரலாற்றில் இருக்கிறது.

மலையடிவார வரிசை

பீடோர் ஏறக்குறைய 4.1 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஈப்போ 4.6 பாகையில் உள்ளது. ஒரு பாகை அகலாங்கு சுமார் 111 கி.மீ. எனவே பறவை பறக்கும் நேர்கோட்டில், தெற்கு நோக்கி 0.5 × 111, அதாவது சுமார் 55 கி.மீ. வரும். சாலை வளைந்து செல்வதால் வண்டியில் போகும் தூரம் இதைவிடக் கூடுதல்.

பீடோருக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. மேற்கே பேராக் ஆற்றின் தாழ்ந்த சமவெளி தெலுக் இந்தானை நோக்கி விரிகிறது. மலையில் பெய்யும் மழை பல ஆறுகளாகப் பிரிந்து மேற்கே இறங்குகிறது. மலைக்குள் சாலை போடுவது கடினம். தாழ்ந்த சமவெளியோ அந்தக் காலத்தில் சதுப்பும் வெள்ளமுமாகக் கிடந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட மேட்டு ஓரமே நடக்கவும், வண்டி ஓட்டவும், பாலம் கட்டவும் ஏற்ற நிலம். அதனால்தான் சாலையும் இரயில் பாதையும் மலையடிவாரத்தை ஒட்டியே செல்கின்றன. ஆறு குறுக்கிடும் இடத்தில் குடிநீர் கிடைத்தது, படகுத்துறை அமைந்தது, பிறகு பாலம் வந்தது. பாலத்தருகே கடைகள் வந்தன. கடைகள் ஊராயின.

உலகின் வேறு இடங்களிலும் இந்த விதியைக் காணலாம். தென் இங்கிலாந்தில் சுண்ணக் குன்றுகளின் அடிவாரத்தில் சிற்றூர்கள் சரம் கோத்தாற்போல் அமைந்திருக்கும். மழைநீர் சுண்ணப் பாறைக்குள் ஊறி இறங்கி, நீர் புகாத களிமண் அடுக்கைத் தொட்டதும் ஊற்றாக வெளியே வரும். அந்த ஊற்று வரிசைதான் அங்கே ஊர் வரிசை. அங்கே ஊற்று, இங்கே ஆற்றுத்துறை.

ஈயம் எங்கிருந்து வந்தது?

நம் நாட்டில் நாம் ஈயம் என்று சொல்வது வெள்ளீயத்தை. காரீயம் வேறு உலோகம். இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். இரும்புத் தகட்டின் மேல் பூசினால் துரு பிடிக்காது. உணவு டின்களைச் செய்யத் தொடங்கிய பிறகு உலகெங்கும் அதற்குத் தேவை கூடியது.

தித்திவங்சா மலைத்தொடரின் பெரும்பகுதி கிரானைட் பாறையால் ஆனது. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கு அடியில் உருகிய பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியது. கடைசியாக எஞ்சிய சூடான நீர்மங்கள் பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து, அங்கே கேசிட்டரைட் என்ற தாதுவைப் படிய வைத்தன. இதில் ஒரு வெள்ளீய அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் உண்டு.

பிறகு வெயிலும் மழையும் வேலையைத் தொடங்கின. கிரானைட்டில் உள்ள பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் வேதி மாற்றத்தால் களிமண்ணாகிறது. படிகக்கல் மணலாகிறது. கேசிட்டரைட்டோ எளிதில் கரையாது, சிதையாது. ஆறு மூன்றையும் சேர்த்து அள்ளிக்கொண்டு இறங்குகிறது. மலைச்சரிவில் ஓட்டம் வேகமாக இருக்கும். அடிவாரத்தில் சரிவு குறைந்ததும் வேகம் குறைகிறது, சுமக்கும் ஆற்றலும் குறைகிறது. கனமானது முதலில் தங்குகிறது. இலேசான களிமண் கடல்வரை போகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டர் கேசிட்டரைட் சுமார் 7 கிராம், படிகக்கல் மணல் சுமார் 2.65 கிராம் இருக்கும். நீருக்குள் இரண்டுமே மேல்நோக்கிய உந்துவிசையால் 1 கிராம் அளவுக்கு எடை குறைந்ததுபோல் இருக்கும். மீதி 6 கிராமும் 1.65 கிராமும். நீருக்கு வெளியே 2.6 மடங்காக இருந்த வேறுபாடு, நீருக்குள் 3.6 மடங்காகிறது! ஈயத்தைப் பிரிக்கப் பேராக்கில் பயன்பட்ட பழைய கருவிகள் எல்லாமே இந்த ஓர் எண்ணை நம்பித்தான் இயங்கின.

டூலாங் என்ற மரத்தட்டில் மணலை அள்ளி ஆற்றுநீரில் சுழற்றினால் மணல் விளிம்பு வழியே போய்விடும், தாது நடுவில் தங்கும். பெரும்பாலும் சீனப் பெண்களே வெயிலில் இடுப்பளவு நீரில் நின்று இவ்வேலையைச் செய்தார்கள். பெரிய சுரங்கங்களில் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, அந்தச் சேற்றைப் பம்பு மூலம் பாலோங் என்ற உயரமான சாய்வு மரத் தொட்டியில் ஏற்றுவார்கள். தொட்டியின் குறுக்கே அடித்த கட்டைகளில் தாது தங்கும். அதற்கும் பெரியது ஈயக் கப்பல். பத்து காஜாவுக்கு அருகே இன்று காட்சிப் பொருளாக நிற்கும் தஞ்சோங் துவாலாங் 5-ஆம் எண் கப்பல் 1938-இல் கட்டப்பட்டது. 4,500 டன் எடையுள்ள அது, தானே தோண்டிய குட்டையில் தானே மிதந்து, 1982 வரை வேலை செய்தது. வாய்ப்பிருந்தால் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்து வாருங்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: இரும்புத் தூள் ஒரு கரண்டி, மெல்லிய மணல் பத்துக் கரண்டி, ஆழமில்லாத தட்டு, ஒரு வாளி நீர், காந்தம், தாள்.

இரும்பின் அடர்த்தி கேசிட்டரைட்டின் அடர்த்திக்கு அருகில் இருப்பதால், இங்கே இரும்புத் தூளை ஈயத்தாதுவாகக் கொள்வோம். முதலில் இரும்புத் தூளை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மணலோடு நன்றாகக் கலந்து தட்டில் இட்டு, வாளி நீருக்குள் மெல்லச் சுழற்றுங்கள். மணலைச் சிறிது சிறிதாக வழியவிடுங்கள். எஞ்சியதை உலர்த்தி, தாள் சுற்றிய காந்தத்தால் இரும்பைப் பிரித்து மீண்டும் நிறுங்கள். எவ்வளவு விழுக்காடு கிடைத்தது? வேகமாகச் சுழற்றினால் என்ன ஆகிறது? ஒரு டூலாங் தட்டைக் கையாள எவ்வளவு பழக்கம் தேவை என்பது அப்போது புரியும்.

சுரங்கத்தில் கிடைத்த சிலை

1936-இல் பீடோரில் ஓர் ஈயச் சுரங்கத்தில் மண்ணைத் தோண்டியபோது, எட்டுக் கைகள் கொண்ட வெண்கலச் சிலை ஒன்று கிடைத்தது. அது அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவரின் உருவம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானதாகக் கருதப்படும் அச்சிலை, இப்போது கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் உடைமை.

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலப்பு உலோகம். ஈயம் கிடைக்கும் மண்ணுக்குள், ஈயம் கலந்த சிலை! இந்த அடிவாரம் ஆங்கிலேயர் வந்த பிறகு திடீரென முளைத்த இடமாக இருந்திருக்க முடியாது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தியாவோடும் கடல்வழி வணிகத்தோடும் தொடர்புடைய நம்பிக்கைகள் இங்கே வந்து சேர்ந்திருந்தன. அவர்களுக்கும் முன்னரே மலைக்காடுகளில் வாழ்ந்துவந்தவர்கள் செமாய் பூர்வகுடியினர். அவர்களுடைய கம்பங்கள் இன்றும் பீடோருக்குக் கிழக்கே உள்ளன. சாலையோரம் விற்கும் பெத்தாயில் பெரும்பகுதி அவர்கள் காட்டிலிருந்து கொண்டு வருவதே.

சரிவில் பால்மரம்

1874-இல் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேராக் ஆங்கிலேயர் பிடிக்குள் வந்தது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக இரயில் பாதைகள் வந்தன. 1893-இல் தாப்பா ரோட்டுக்கும் தெலுக் அன்சனுக்கும், அதாவது இன்றைய தெலுக் இந்தானுக்கும், இடையே இரயில் ஓடத் தொடங்கியது. 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை தொடர்ச்சியான பாதை அமைந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரப்பர் வந்தது. பிரேசில் நாட்டு மரம் அது. 1877-இல் கோலகங்சாரில் ஒன்பது கன்றுகள் நடப்பட்டன. மோட்டார் வண்டிகள் பெருகி, டயருக்குத் தேவை கூடியதும், மலாயா முழுதும் காடுகள் தோட்டங்களாயின.

ரப்பர் மரத்துக்கு ஆண்டு முழுதும் மழை வேண்டும், ஆனால் வேரில் நீர் தேங்கக் கூடாது. பள்ளத்தாக்கின் அடி ஈயத்துக்குப் போயிற்று. மலையுச்சி மிகச் செங்குத்து. இடையில் உள்ள அலையலையான செம்மண் மேடுகள் பால்மரத்துக்கு ஏற்றவையாக அமைந்தன. பீடோர் வட்டாரத்தில் தோட்டங்கள் எங்கெங்கு இருந்தன என்று குறித்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் இந்த மேடுகளிலேயே விழும்.

பால் வெட்டுவோர் விடியுமுன் ஏன் பெரட்டுக்குப் போனார்கள்? இதற்கும் அறிவியல் காரணம் உண்டு. இரவில் இலைகளின் நீராவிப்போக்கு மிகக் குறைவு. மரத்தின் உயிரணுக்களில் நீர் நிறைந்து அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அப்போது பட்டையை வெட்டினால் பால் நன்றாக வழியும். வெயில் ஏறினால் அழுத்தம் குறைந்து, ஓட்டமும் குறையும். வெட்டு ஏன் இடப்புறம் மேலாகவும் வலப்புறம் கீழாகவும் சாய்ந்திருக்கிறது? பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருக்கின்றன. அவற்றுக்கு எதிர்ச்சாய்வில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். உளி சிறிது ஆழமாகப் போனால், புதுப் பட்டையை உருவாக்கும் வளர்படலம் காயப்படும். பிறகு அங்கே முண்டு விழும். மில்லிமீட்டர் கணக்கில் இந்த நுட்பத்தை, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் தினமும் செய்தவர்கள் நம் பாட்டிமார். அவர்களில் பலர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ஒரு மரத்தின் உடற்கூறு அவர்கள் விரல் நுனியில் இருந்தது.

மண் சொன்னது, மனிதர் முடிவு செய்தது

இங்கே ஒன்றை நிதானமாகச் சிந்திக்க வேண்டும். இந்த மேட்டில் ரப்பர் வளரும் என்று சொன்னது மண். அதை வெட்டத் தமிழர்கள்தாம் வர வேண்டும் என்று மண் சொல்லவில்லை. அது அரசும் தோட்டக் கம்பெனிகளும் செய்த ஏற்பாடு.

நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் பினாங்குக்கு வந்தன. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தன் ஊருக்கே போய், தன் உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். அதனால்தான் சில தோட்டங்களில் ஒரே மாவட்டத்தார், சில இடங்களில் ஒரே கிராமத்தார் சேர்ந்திருந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதைத் தடுத்தபோது கங்காணி முறையும் முடிந்தது. வந்தவர்கள் லயங்களில் குடியமர்ந்து, கோயில் கட்டி, ஆயாக்கொட்டகையும் பள்ளிக்கூடமும் கண்டு, இதையே ஊராக்கிக்கொண்டார்கள்.

இன்று பள்ளத்தில் ஒரு சமூகம், மேட்டில் ஒரு சமூகம், மலையில் ஒரு சமூகம் என்று ஊர் பிரிந்து கிடந்ததைப் பார்த்தால் இயற்கையாகத் தோன்றலாம். பாதிதான் இயற்கை. நிலம் வாய்ப்பைத் தருகிறது. அதை யார், எப்படி, என்ன கூலிக்குப் பயன்படுத்துவது என்பதை மனிதர்களே முடிவு செய்கிறார்கள்.

போரும் புதுக் கம்பங்களும்

1941 டிசம்பர் இறுதியில் கம்பாரிலும், 1942 ஜனவரி 7-இல் சிலிம் ரிவரிலும் பெரும் சண்டைகள் நடந்தன. இரண்டுக்கும் நடுவே உள்ள பீடோர், பின்வாங்கும் படையும் முன்னேறும் படையும் கடந்த வழி. மலையடிவாரச் சாலை வணிகருக்கு எவ்வளவு வசதியோ, படைக்கும் அவ்வளவு வசதி! ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார்கள். 415 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாதைக்குப் போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை.

1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டோரம் சிதறி வாழ்ந்த மக்களை, 1950-இல் வகுத்த பிரிக்ஸ் திட்டத்தின்படி, வேலியிட்ட புதுக் கம்பங்களில் குடியேற்றினார்கள். பீடோரின் கோல்ட்ஸ்ட்ரீம், பெக்கான் பாசிர் ஆகியவை அப்படிப்பட்ட புதுக் கம்பங்கள். 'பாசிர்' என்றால் மணல். ஊர்ப்பெயரே மண்ணின் தன்மையைச் சொல்கிறது.

விடுதலைக்குப் பிறகு பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றன. தொழிலாளர்களின் வேலையும் வீடும் ஒரே நாளில் போகும் நிலை. அதைத் தடுக்கத்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். ஆனாலும் ரப்பர் விலை சரிய, செம்பனை வந்தது. செம்பனைக்கு அன்றாடம் பால் வெட்டும் வேலை கிடையாது, ஆள் குறைவாகப் போதும். லயங்கள் காலியாகத் தொடங்கின. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தையும் சரிந்தது. பம்புகளின் சத்தம் ஓய்ந்தது.

மணலில் கொய்யா

சுரங்கம் மூடிய பிறகு எஞ்சியவை கழுவிய மணலும் குட்டைகளும். கழுவிய மணலில் களிமண்ணும் மட்கும் மிகக் குறைவு. உரம் போட்டாலும் அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போய்விடும். பகலில் மேற்பரப்பு சுடும். எந்தப் பயிரும் எளிதில் வராது. ஆனால் கொய்யா வடிகால் உள்ள ஏழை மண்ணையும் பொறுத்துக்கொள்ளும் மரம். கோழி எருவும் மட்கும் சேர்த்து, அடிக்கடி நீர் பாய்ச்சினால் காய்க்கும். பழ ஈ துளைக்காமல் ஒவ்வொரு காயையும் பையால் மூடுவார்கள். சாலையோரம் நாம் வாங்கும் கொய்யாவுக்குப் பின்னால், வீணான நிலத்தை மீட்ட உழைப்பு இருக்கிறது.

குட்டைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஈயக்குட்டை இயற்கையான ஏரியைப் போல் கரையிலிருந்து மெல்ல ஆழமாவதில்லை. இரண்டடி வைத்தாலே ஆழம் திடீரென விழலாம். கரை மணல் சரியும். அடியில் கால் புதையும் மெல்லிய சேறு இருக்கும். நீச்சல் தெரிந்தவரையும் அது விடாது. மீன் பிடிக்கவோ குளிக்கவோ தனியாகப் போகாதீர்கள். நண்பன் இறங்கினால் தடுங்கள். விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல், கயிறோ நீண்ட கொம்போ நீட்டுங்கள், பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

எழுதப்படாத ஏடு

இங்கிலாந்தில் 1086-ஆம் ஆண்டிலேயே அரசர் ஆணைப்படி ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். எந்த ஊரில் எத்தனை ஏர், எத்தனை ஆலை என்று எழுதிய அந்தக் கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. அதனால் அங்கே ஒரு சின்னக் கிராமத்துப் பிள்ளைக்கும் ஆயிரம் ஆண்டு வரலாறு கையில் கிடைக்கிறது. நம் தோட்டங்களுக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. தோட்டக் கிராணி எழுதிய செக்ரோலில் ஆளும் நாளும் கூலியும் மட்டுமே இருந்தன. பாட்டி எந்த நிரையில் வெட்டினார், எந்தக் கிணற்றில் நீர் மொண்டார் என்பது அவர் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவரோடு அதுவும் போய்விடும்.

சில தோட்டங்களின் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் இன்னும் வாழ்கின்றன. பீடோர் தஹான், பீக்காம் போன்றவை எடுத்துக்காட்டுகள். லயம் இடிக்கப்பட்ட இடத்தில் சில வேளை வேம்பும் முருங்கையும் மாமரமும் நிற்கும். காட்டில் தானாக முளைக்காத மரங்கள் கூட்டமாக நின்றால், அங்கே ஒரு காலத்தில் அடுப்பு எரிந்தது என்று பொருள்.

எனவே இந்தப் பள்ளி விடுமுறைக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டிலோ அண்டையிலோ தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவர் தோட்டத்தின் வரைபடத்தை அவர் சொல்லச் சொல்ல வரையுங்கள். லயம், கோயில், பால் ஸ்டோர், ஆயாக்கொட்டகை, ஆறு, கிணறு எல்லாவற்றையும் குறியுங்கள். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று கேளுங்கள். பிறகு அதை இன்றைய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். நாளையும் பெயர்களையும் எழுதி, ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.

சிந்திக்க

1. ஈயத்தாது மலையுச்சியில் தங்காமல் அடிவாரத்தில் அதிகம் படிந்தது ஏன்?

2. காலை பத்து மணிக்கு வெட்டிய மரத்தில் விடிகாலையைவிடக் குறைவாகப் பால் வடிவது ஏன்?

3. கழுவிய மணலில் இரசாயன உரத்தைவிட மட்கு எரு நீண்டகாலப் பயன் தருவது ஏன்?

4. உங்கள் ஊர் அமைந்த இடத்துக்கு நிலம் தந்த காரணம் ஒன்றையும் மனிதர் எடுத்த முடிவு ஒன்றையும் எழுதுங்கள்.